தொடாதீங்க, கரண்ட்டு

"வலது ரெண்டு, இறுகும், உடனே நேர்" என்று மேகலாவின் வாய் வாசித்துக்கொண்டே இருந்தது. வாசிக்க வேண்டிய பாதை தீர்ந்துபோய்விட்டது என்று வாய்க்கு யாரும் சொல்லவில்லை. வண்டி வளைவில் எகிறி, சோளக்காட்டுக்குள் உருண்டு, மறுபடியும் உருண்டு, கடைசியில் கூரையைத் தரையில் ஊன்றி நாலு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார்கள். ஓட்டியவன் தண்டபாணி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தது என்ன வளைவு, எவ்வளவு கூர்மை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவன் மனைவி மேகலா. மண்பாதைக் கார்ப் பந்தயத்தில் அது ஒரு வேலை. ஓட்டுகிறவனின் கண் ஒரு வளைவு வரைதான் எட்டும், அதற்கப்பால் உள்ளதெல்லாம் வாசிக்கிறவள் வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் இப்போது இல்லாத பாதையை இல்லாத வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே மண் மேலே இருந்தது, வானம் கீழே கிடந்தது, உடுமலைப் பக்கத்துக் காற்றாலை ஒன்று மண்ணிலிருந்து கீழ்நோக்கித் தொங்கி மூன்று இறக்கையையும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது எதற்காகத் தலைகீழாக நிற்கிறது, யார் அதைக் கவிழ்த்தார்கள் என்று அவள் யோசித்தாள். உலகம்தான் புரண்டுவிட்டது, நாம் சரியாக இருக்கிறோம் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினாள். அப்படி நம்பியது சுகமாகக்கூட இருந்தது. பிறகு தோளை அறுக்கிற பெல்ட் தெரிந்தது, கண்ணுக்குள் ரத்தம் இறங்கி அடிப்பது தெரிந்தது, தலைக்கவசத்துக்குள் யாரோ மூச்சிரைப்பது கேட்டது. அது தன் மூச்சுதான் என்று புரிந்ததும் வாய் நின்றது.

கல். அந்தக் கல்லைச் சொன்னேனா? நேற்று இதே பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தபோது, இந்த வளைவின் உள்பக்கம் புல்லுக்குள் ஓர் எல்லைக்கல் பாதி புதைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான். இங்கே வெட்டக் கூடாது என்று சொன்னதும் அவள்தான். வெட்டுவது என்றால் வளைவைச் சுற்றாமல் உள்பக்கமாக உரசிக் குறுக்கே போவது. வளைவைச் சொல்லி முடித்துக் கடைசியில் 'வெட்டாதே' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்த்தாளா? 'இடது மூணு' என்றாள், அது காதில் இருக்கிறது. அப்புறம் ஒரு மூச்சு. மூச்சுக்கு அப்புறம் 'வெட்டாதே'. இல்லை, மூச்சுக்கு அப்புறம் அடுத்த வளைவு. இல்லை, 'வெட்டாதே' என்று சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் பட்டது நினைவிருக்கிறது, ஆனால் அது நேற்றுப் பட்டதா இன்று பட்டதா? வீட்டில் அவள் அவனை 'ஏனுங்க' என்பாள், 'வாங்க, போங்க, சாப்புடுங்க' என்பாள். வண்டிக்குள் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. அடி, பிடி, விடு, வெட்டாதே. ஒருமுறை யாரோ எடுத்த வீடியோவை மாமியார் பார்த்துவிட்டு, "கட்டுன புருசன இப்பிடியா மாடு முடுக்கற மாதிரி முடுக்குவா?" என்று மூக்கைச் சிந்தினாள். "அவ முடுக்குனாத்தான்மா வண்டி போகுது" என்று தண்டபாணி சிரித்தான். சிரித்தவன் வீட்டில் ஒரு சொல் கேட்கிறவனா என்றால் அதுவும் இல்லை. தக்காளி வாங்கி வரச் சொன்னால் வெங்காயத்தோடு வந்து நிற்கிற ஆள். ஆனால் இந்த வண்டிக்குள், மேட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு இருக்கிறதா பாதை இருக்கிறதா என்று தெரியாமலே, அவள் சொல்கிற 'நேர்' என்ற ஒரு சொல்லுக்கு முழுக் காலையும் கொடுத்து மிதிப்பான். உலகத்தில் வேறு எந்த மனுஷனும் அவளை அப்படி நம்பியதில்லை. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்க் கல்லில் மோதினோமா?

எங்கோ ஒரு மெல்லிய கீச்சொலி விடாமல் கேட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்ப். எஞ்சின் நின்ற பிறகும் அது ஓடுகிறது, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே இருந்த சுவிட்சுக்குக் கையைக் கீழே கொண்டுபோனாள், கை மேலே போனது. கீழே என்பது எது என்று கைக்குத் தெரியவில்லை. தடவித் தடவிக் கண்டுபிடித்துத் திருகினாள், கீச்சொலி நின்றது. அந்த அமைதியில்தான் பக்கத்தில் இருப்பவனிடமிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை என்று அவளுக்கு உறைத்தது. கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் பதில் வராமல் போகலாம், கூப்பிடாதவரை அப்படி எதுவும் நடக்கவில்லை. "மேகலா" என்று அவன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. தலைக்கவசத்துப் பேசும் கருவி தனி பேட்டரியில் ஓடுகிறது, மகராசன் யாரோ அப்படிச் செய்து வைத்திருக்கிறான். "ம்." "அடி பட்டுச்சா?" "இல்ல. உனக்கு?" அவன் கொஞ்சம் யோசித்தான். "கை ரெண்டும் தெரில புள்ள." "தெரிலன்னா?" "இருக்குது. தொங்குது பாரு. ஆனா என்ற கை மாதிரியே இல்ல." அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கைகள் அவன் தலைக்கு அப்பால் தளர்ந்து தொங்கின, ஒன்று ஜன்னல் வழியாக மண்ணைத் தொட்டது. காலையில் விபூதி வைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய கைகள். "தலைய அசைக்காத. இப்பிடியே இரு. பெல்ட்டக் கழட்டாத" என்றாள். "எப்பிடிக் கழட்டுறது, கைதான் லீவு போட்டிருச்சே." இந்த நேரத்திலும் நக்கல். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வெட்டாதேன்னு சொன்னனா?" "சொன்ன." "நெசமா?" "சொன்ன புள்ள. எனக்குத்தான் கால் அடங்கல." அவன் அதைச் சொன்ன வேகத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. உப்பில்லாத ரசத்தை ஊற்றினாலும் அமிர்தம் என்று குடித்துவிட்டு எழுந்து போகிற ஆசாமி அவன். அவன் சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

கை தெரியவில்லை என்றால் கழுத்து. கழுத்து என்றதும் ரங்கசாமி வந்து நின்றார். நின்றார் என்று சொல்லக் கூடாது, அவர் இனி நிற்க மாட்டார். போன வருஷம் வேறொரு பந்தயத்தில், வேறொரு வண்டியில், வாசிக்கிறவராக இதே இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்தவர். கவிழ்ந்த பிறகும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், தண்ணி இருக்குதா என்று கேட்டார், சிரிக்கக்கூடச் சிரித்தார் என்று ஓட்டியவன் பிறகு நூறு தரம் சொன்னான். ஊர் சனம் ஓடி வந்தது. கெட்டவர்கள் இல்லை, ஒருத்தரும் இல்லை. நம் சனத்துக்கு எது கவிழ்ந்து கிடந்தாலும் கை சும்மா இருக்காது. பைக்கில் ஒருத்தன் விழுந்தால் முதலில் பைக்கை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் விழுந்தவனைப் பார்ப்பார்கள். இருபது பேர் சேர்ந்து, ஒரு கல்யாண வீட்டுச் சமையல் அண்டாவைத் தூக்குகிற உற்சாகத்தோடு, ரங்கசாமியை உள்ளே வைத்தே வண்டியைப் புரட்டி நிமிர்த்தினார்கள். பாதி புரளும்போது அவர் ஏதோ சொல்ல வந்தது பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். கழுத்துக்குக் கீழே இன்றைக்கும் ஒன்றும் இல்லை. தூக்கியவர்கள் பழமும் பூவுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கோபப்படக்கூட ஆள் இல்லாத துயரம் அது. அதற்குப் பிறகுதான் எல்லோரையும் உட்கார வைத்து டாக்டர் ஒருவர் பாடம் எடுத்தார். தீப்பிடித்தால் எதையும் பார்க்காதே, இழுத்துப் போடு. தீ இல்லையா, கழுத்தில் அடியா, ஆளை அசைக்காதே, வண்டியை அசைக்கவே அசைக்காதே, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாங்கள் வரும்வரை விடாதே. மேகலா அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், இது தனக்கான பாடம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

அப்போது கால்கள் ஓடி வந்தன. மேலே, மண்ணின் மீது, தலைகீழாகக் கால்கள். ரப்பர் செருப்புக் கால், ஷூ போட்ட கால், வேட்டியை மடித்துக் கட்டிய முழங்கால். பந்தயம் பார்க்க வரப்பில் வரிசை கட்டி நின்றிருந்த சனம். "டேய், உள்ள ஆளு இருக்குதுடா!" "அய்யோ, பொம்பளப் புள்ள ஒன்னு!" "வாங்கடா வாங்கடா, நிமித்திப் போட்ரலாம்!" "தூக்காதீங்க!" என்று மேகலா கத்தினாள். தலைக்கவசத்துக்குள் முட்டித் திரும்பி வந்த அந்தக் குரல் வெளியே என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, "பயப்படாத சாமி, இதா தூக்கிர்றோம்" என்று ஆறுதல் சொன்னார். "வேண்டாங்கண்ணா! தூக்க வேண்டாம்!" "தூக்கச் சொல்லுதுடா பாவம். சீக்கிரம் புடிங்க!" வண்டியின் இடதுபக்க விளிம்பில் விரல்கள் வந்து வரிசையாக ஒட்டிக்கொண்டன. எத்தனை விரல்கள், எவ்வளவு அன்பு. "அந்தப் பக்கம் நாலு பேரு நில்லுங்க. ஒன்னாப் புடிக்கோணும். போடு ஐலசா!" வண்டி லேசாக அசைந்து எழுந்தது. காதுக்குள் தண்டபாணி 'ஆ' என்றான். பதினாறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அவள் கேட்டதில்லை. பட்டறையில் விரல் நகம் பெயர்ந்தபோதுகூட வரவில்லை. என்ன சொன்னால் நிறுத்துவார்கள்? தீ என்றால் இன்னும் வேகமாக இழுப்பார்கள். பாம்பு என்றால் தடி எடுத்து வந்து தேடுவார்கள். கழுத்து, தண்டுவடம் என்று விளக்கம் சொன்னால் ரங்கசாமிக்கு ஆனதுதான் ஆகும். வேண்டாம் என்ற சொல் நம் ஊரில் விருந்தாளி சொல்கிற சொல், அதை யார் மதிக்கிறார்கள்? இன்னொரு ஐலசா. இன்னும் கொஞ்சம் எழுந்தது. உடைந்த ஜன்னலில் வேலிக் கம்பி ஒன்று சுருண்டு மாட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். தூரத்தில் ஒரு மின்கம்பம் தலைகீழாக நின்றது.

கரண்ட்டு. பம்ப்செட் ஊர் இது. தொட்டவனும் போனான், தொட்டவனைத் தொட்டவனும் போனான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற வேலை பார்த்தவள் மேகலா. ஐம்பது பஸ் ஹார்னுக்கும் மேலே கேட்க வேண்டிய குரலை வயிற்றிலிருந்து எடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். மூடியிருந்த முகக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு எடுத்தாள். "கரண்ட்டு பாயுது! வண்டியத் தொடாதீங்க! கம்பி அறுந்து வண்டி மேல கெடக்குது!" அவ்வளவுதான். விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. ஒரு சாண் எழுந்திருந்த வண்டி தொப்பென்று திரும்ப உட்கார்ந்தது, அவள் உயிர் போய்த் திரும்பி வந்தது. "பாணி!" என்றாள். வீட்டிலும் சொல்லாத, வண்டியிலும் சொல்லாத பெயர். மறுபடியும் கூப்பிட்டாள். "பாணி!" "இருக்கறேன் புள்ள" என்றான், வெகு தூரத்தில் இருப்பவன் போல. வெளியே கால்கள் வரப்பைத் தாண்டிப் பறந்தன. "நாந்தான் சொன்னனே, கையில சுர்ருன்னுச்சு!" என்று ஒருத்தன் கத்தினான். "எனக்கு முட்டி வரைக்கும் ஏறிருச்சுடா!" என்றான் இன்னொருத்தன். இல்லாத கரண்ட்டு இத்தனை பேருக்கு ஏறிவிட்டதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இனி இறங்க வேண்டும். தலைகீழாகத் தொங்குகிறவன் செய்கிற முதல் முட்டாள்தனம் பெல்ட்டைத் திறப்பது. உருண்டபோது ஒன்றும் ஆகாத கழுத்து அப்போதுதான் உடையும். பெரிய பெரிய ஓட்டுநர்களே அப்படி விழுந்திருக்கிறார்கள். எந்த நேரமும் காரை நிறுத்தியதும் பெல்ட்டைத் தட்டி விடுகிற பழக்கம், கை தானாகப் போய்விடும். அவள் கையும் போனது. பூட்டின் மேல் விரல் வைத்த பிறகுதான் நினைவு வந்து நிறுத்தினாள். முதலில் பேசும் கருவியின் ஒயரைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் அது கழுத்தை இழுக்கும். பிடுங்கினால் அவன் மூச்சு காதிலிருந்து போய்விடும். அந்தச் சின்ன ஒயரைப் பிடித்துக்கொண்டு அவள் தயங்கினாள். அவன் உயிரோடு இருப்பதற்கு இந்த ஒயர்தான் அத்தாட்சி என்று பைத்தியம் போல் ஓர் எண்ணம். பிடுங்கினாள். உலகம் பெரிதாகி, காற்றாலை வீசுகிற சத்தமும் சோளத்தட்டின் சலசலப்பும் உள்ளே வந்தன. முகவாயை நெஞ்சோடு ஒட்டு. இடது கையைக் கூரையில் ஊன்று. கால் இரண்டையும் முன்பலகையில் உதைத்து இறுக்கு. உதைத்தாயா, இன்னும் உதை. இப்போது திருகு. பூட்டு உடனே திறக்கவில்லை, அவள் கனம் முழுவதும் அதன் மேல்தான் தொங்கியது. உதைத்து எழும்பித் திருகினாள், திறந்தது. தோளில் விழுந்து, வண்டிக்குள் காப்புக்குக் கட்டிய இரும்புக் கூண்டில் இடுப்பு இடித்து, கண்ணாடித் தூளின் மேல் புரண்டாள். கழுத்து இருந்தது, கை இருந்தது, எல்லாம் அவளுடையதாகவே இருந்தன. அதில் வெட்கமாகக்கூட இருந்தது. பக்கத்தில் அவளுடைய ஜன்னல் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது, அதன் வழியாகச் சோளமும் வெயிலும் தெரிந்தன. எங்கோ பின்னால் சொட்டு சொட்டாக விழுந்தது. பெட்ரோல் வாசம். வெளியே போய்விடு என்று உடம்பு சொன்னது, நியாயமாகத்தான் சொன்னது. அவள் மல்லாந்து நகர்ந்து அவன் தலைக்குக் கீழே போனாள், முழங்கைகளைக் கூரையில் ஊன்றி, அவன் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

பிடித்த பிறகுதான் தன் புத்தியின் லட்சணம் தெரிந்தது. கவிழ்ந்த வண்டியில் இருப்பவர்கள் அட்டை காட்ட வேண்டும். நலம் என்றால் பச்சை எழுத்து அட்டை, உதவி வேண்டும் என்றால் சிவப்பு அட்டை. சிவப்பைப் பார்த்தால் அடுத்து வருகிற வண்டி பந்தயத்தை விட்டு நின்றே தீர வேண்டும், நின்று டாக்டரை வரவழைக்க வேண்டும். அட்டை தண்டபாணி பக்கத்துக் கதவுப் பையில் இருந்தது. அவளுக்கு இருந்த இரண்டு கையும் அவன் தலையில் இருந்தன. "ஆராச்சும் வாங்க! ஒரு செவப்பு அட்டை இருக்குது, அத எடுத்து ரோட்டுல காட்டுங்க!" என்று கத்தினாள். "கரண்ட்டும்மா, எப்பிடி வர்றது?" என்று வரப்பிலிருந்து பதில் வந்தது. "ஈபிக்குப் போன் போட்டாச்சு, லைன ஆஃப் பண்ணச் சொல்லியிருக்குது. தைரியமா இரு சாமி!" தூரத்தில் அடுத்த வண்டியின் உறுமல் கிளம்பியது. மேட்டில் ஏறியது, இறங்கியது, நெருங்கியது. சனம் கையை ஆட்டி ஆட்டிக் கூச்சல் போட்டது. பந்தயப் பாதையில் சனம் கையாட்டினால் ஓட்டுகிறவனுக்கு அது ஆரவாரம். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போய்விட்டது. போய்விட்டது. அவளுக்கு நம்ப முடியவில்லை, அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை அது திரும்பி வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டானா?" என்றான் தண்டபாணி. "இன்னொன்னு வரும்." "மேகலா, பெட்ரோல் நாத்தம் அடிக்குது. நீ வெளிய போ." "பேசாத." "சொன்னாக் கேளு." "வண்டிக்குள்ள நான் சொல்றததான் நீ கேக்கோணும். பேசாத." கரண்ட்டு இல்லை என்று சொன்னால் அத்தனை பேரும் வந்து புரட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. முழங்கைகளை இன்னும் அழுத்தி ஊன்றினாள். கை நடுங்கினால் அவன் கழுத்தும் நடுங்கும், நடுங்காதே. பயமாக இருந்தது அவளுக்கு. இவன் இல்லாமல் என்று தொடங்கிய ஒரு வாக்கியத்தை முடிக்கப் பயந்து, மறுபடி மறுபடி அதன் முதல் சொல்லிலேயே நின்றாள்.

"அடியே பழனாத்தா, எங்கடி போற?" என்று வெளியே அலறல். "சாகப் போறியா? வாடி இங்க!" அவன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள் வந்தன. வெறும் கால்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த காட்டிலிருந்து நேரே வந்த கால்கள், கணுக்கால் வரை ஈரச் சேறு, குதிகாலில் வெடிப்பு. அவை ஓர் அடி வைத்து நின்றன, இன்னோர் அடி வைத்து நின்றன. பிறகு முழங்கால் மடிந்தது, ஒரு நடுவயசுப் பெண்ணின் முகம் பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. கண்ணை இறுக்கிச் சுருக்கியிருந்தாள், எந்த நொடியிலும் விழப்போகிற அடிக்குத் தயாராக இருப்பவளைப் போல. அவள் கைகளைப் பார்த்து மேகலா திகைத்துப்போனாள். இரண்டு உள்ளங்கையிலும் நீல வார் ரப்பர் செருப்பை மாட்டியிருந்தாள். "ரப்பர்ல ஏறாதுன்னு சொல்லுவாங்க" என்றாள் பழனாத்தா, குரல் கிடுகிடுத்தது. "கைய நீட்டு அம்முணி. வெரசா நீட்டு." செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஈரத்தில் வந்திருக்கிறாள். கரண்ட்டு மட்டும் இருந்திருந்தால் இந்த நேரம் இந்தப் பெண் கரிக்கட்டை. இருக்கிறது என்று நம்பித்தான் வந்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாத இரண்டு பேருக்காக, நம்பி, ஓரோர் அடியாக. நான் என்ன செய்துவிட்டேன் என்றிருந்தது மேகலாவுக்கு. "அக்கா" என்றாள் மெதுவாக, வரப்புக்குக் கேட்காதபடி. "கரண்ட்டு இல்லீங்கக்கா. பொய் சொன்னனுங்க. வண்டியத் திருப்புனா இவரு கழுத்து போயிருமுங்க, அதுக்குத்தான் சொன்னனுங்க." பழனாத்தா அவளையே பார்த்தாள். "இல்லியா?" "இல்லீங்க." சுருக்கிய கண் மெல்ல விரிந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி. எம்புள்ளைக ரெண்டையும் நெனச்சுக்கிட்டு வந்தனே" என்றாள். பிறகு தலையைத் திருப்பி, மேகலாவுக்குக் கூசுகிற அளவுக்குப் பெருங்குரலில், "ஆரும் கிட்ட வராதீங்கடா! சுர்ரு சுர்ருங்குது! எனக்கு ரப்பர் இருக்குறதால தாங்குது!" என்று கத்தினாள்.

சிவப்பு அட்டையை அவள் கதவுப் பையிலிருந்து இரண்டு செருப்புக்கும் நடுவே இடுக்கி எடுத்தாள். கையிலிருந்து செருப்பைக் கழற்றினால் சனம் பார்த்துவிடும், பார்த்தால் வந்துவிடும், ஆகவே கழற்றவில்லை. அட்டையை வரப்பைப் பார்த்து வீசி, "இது பிளாஸ்டிக்கு, ஒன்னும் பண்ணாது. எடுத்துட்டுப் போயி ரோட்டுல புடிங்கடா, ஓடுங்க!" என்றாள். கால்கள் ஓடின. பாதையில் அடுத்த உறுமல் வந்தது, நெருங்கியது, மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். பிரேக்கின் இழுவைச் சத்தம் மண்ணில் நீளமாகக் கேட்டது. வண்டி நின்றது. யாரோ கதவைத் திறந்து ஓடி வருகிறார்கள், யாரோ வாக்கிடாக்கியில் டாக்டர், டாக்டர் என்கிறார்கள். வந்துவிடுவார்கள். வந்து கழுத்துக்குப் பட்டை கட்டி, பலகை வைத்து, சட்டப்படி இறக்குவார்கள். ஆனால் கை? அதை யார் இறக்கித் தருவார்கள்? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தலைகீழான முகம், பதினாறு வருஷம் பார்த்த முகம், கன்னத்துச் சதை கண்ணை நோக்கி இறங்கி வேறு யாரோ போல் இருந்தது. இனி இவனுக்குச் சோறு ஊட்ட வேண்டுமா, ஊட்டலாம், அதற்கென்ன, ஊட்டலாம். சட்டைப் பொத்தான் போட்டுவிடலாம். அவன் அதைப் பொறுப்பானா? ஜன்னலோரத்தில் அவன் கை கண்ணாடித் தூளின் மேல் கிடந்தது. "அய்யோ, குத்துமே" என்று முனகிக்கொண்டே பழனாத்தா குனிந்து, செருப்பு மாட்டிய கையாலேயே அந்தக் கையை மெல்ல நெம்பி ஓரமாக நகர்த்தினாள்.

"ஆரது?" என்றான் தண்டபாணி. வண்டிக்குள் பேசுகிற குரல் இல்லை, வீட்டில் வண்டிச் சாவி காணாமல் போனால் வருகிற குரல். "ஆரது, செருப்புல தொடறது?" பழனாத்தா பதறிக் கையைப் பின்னுக்கு இழுத்தாள். "அய்யோ சாமி, தெரியாம பட்ருச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்று செருப்புக் கைகளையே குவித்துக் கும்பிட்டாள். மேகலாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. செருப்பு என்றானே, அவனுக்கு அது எப்படித் தெரியும், தலையைத்தான் நான் அசையவிடவில்லையே, அவன் பார்த்திருக்கவே முடியாதே என்று நினைவு ஒவ்வொன்றாகத் தடுக்கித் தடுக்கி வந்து சேர்ந்தது. சேர்ந்ததும் கண்ணீர் காதுக்குள் வழிந்தது, அவள் துடைக்கக் கை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா தொடுங்கக்கா" என்றாள்.

"செருப்புலயேவா?"

"செருப்புலயே. இன்னொரு கையிலயும்."